ஆறு பகுதிகளில் ஓர் ஆறு

புனிதாவின் அப்பா ராதாகிருஷ்ணன் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். 1989-இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு சீனப் பல் மருத்துவர் வீட்டிலிருந்து பழைய பியானோ ஒன்றை வாங்கி லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். நாளெல்லாம் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் மனிதருக்கு அந்தப் பியானோவை வாசலுக்குள் நுழைப்பது மட்டும் பெரும்பாடாகிவிட்டது. கதவு நிலையைக் கழற்ற வேண்டியிருந்தது. புனிதாவுக்கு அப்போது எட்டு வயது.

மற்றப் பிள்ளைகளைப் போலவே அவளும் கிரேடு கிரேடாகப் பரீட்சை எழுதினாள். எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். எட்டாவது கிரேடுக்குப் புத்தகம் வாங்கக் கிள்ளானில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போன அன்றுதான் எல்லாம் திசைமாறியது. கடைக்காரர் ஏதோ ஒரு கேசட் போட்டிருந்தார். அதில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சுரம் தப்பாக விழுந்தது. பரீட்சையில் அதற்கு மதிப்பெண் போயிருக்கும். அந்த ஆளோ அதே சுரத்தைத் திரும்பவும் அழுத்தினார். மூன்றாம் முறையும் அழுத்தினார். மூன்றாம் முறை அது தப்பாகவே கேட்கவில்லை. புனிதா கையில் புத்தகத்தோடு நின்றுகொண்டே இருந்தாள். வெளியே அப்பா மோட்டார் சைக்கிளின் ஹாரனை அடித்த பிறகுதான் காசு கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அதையே செய்துபார்த்தாள்.

"என்னாம்மா, தப்புத் தப்பா வாசிக்கிறே?" என்றார் அப்பா.

"தப்பு இல்லப்பா. இது ஜாஸ்."

"அப்ப சரி," என்று அவர் நாளிதழுக்குத் திரும்பிவிட்டார். அவள் வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு சுலபமாகத் தலையாட்டிய கடைசி ஆள் அவர்தான்.

கோலாலம்பூரில் இசைக் கல்லூரி முடித்து வெளியே வந்தபோது தான் போக வேண்டிய இடம் தெளிவாக இருப்பதாகப் புனிதா நம்பினாள். இருபது வருடமாகியும் அந்த இடத்தின் வாசலைக்கூட அவள் கண்டுபிடிக்கவில்லை. தமிழ்க் கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டு கேட்டார்கள். ஜாஸ் வாசிக்கும் இடங்களில் எல்லாருக்கும் தெரிந்த பழைய அமெரிக்கப் பாட்டுகளைக் கேட்டார்கள். சொந்தமாக எழுதியதை வாசித்தால் கைப்பேசியைத் திறந்தார்கள். நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்குப் பதினோரு வருடம் வாசித்தாள். அங்கே அவளுக்குச் சொல்லப்பட்ட விதி ஒன்றே ஒன்று: கரண்டிச் சத்தத்துக்கு மேல் பியானோச் சத்தம் போகக்கூடாது. சில ஞாயிறுகளில் நான்கு மேசைக்கு நான்கு முறை பிறந்தநாள் பாட்டு வாசித்துவிட்டு வருவாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா இராஜம்மா, "பியானோ டீச்சர்," என்று சொல்லி வைப்பார். வந்தவர்களும் அதற்குத் தலையாட்டுவார்கள். பிறகு ஹோட்டல் என்ற சொல் எப்படியோ காதில் விழும். அவ்வளவுதான்.

அவளோடு நிலைத்து நின்றவர்கள் இரண்டே பேர். ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பாஸ் வாசிக்கும் லியோங் சாலாக் செலாத்தான்காரர், பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். டிரம்ஸ் வாசிக்கும் ஹைதர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையனாக வந்து, இப்போது அந்தக் கடையையே நடத்துகிறான். கடைக்கு மேல் மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், காலை நேரத்தில் மூவரும் ஒத்திகை பார்ப்பார்கள்.

2016-இல் அப்பா இறந்தார். துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்றே வருடம். அந்த வருடம்தான் புனிதா எழுத உட்கார்ந்தாள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயிலில் போகும்போது, கட்டடங்களுக்கு நடுவே கிள்ளான் ஆறு கண்ணில் படுவதும் மறைவதுமாக இருக்கும். காப்பி நிறத் தண்ணீர், கரையெல்லாம் சிமெண்ட். அந்த ஆறு நகரத்தைக் கடந்து வந்து அப்பாவின் துறைமுகத்தில் கடலில் விழுகிறது என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனால் அதை இசையாக எழுதலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஆறு பகுதிகள் கொண்ட ஒரே படைப்பு. பெயர், 'ஆறு'. தமிழ் தெரிந்தவர்களுக்கு இரண்டு அர்த்தமும் கேட்கும் என்று அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்.

நாலு வருடம் எழுதினாள். இரண்டாம் பகுதி ஏழு அடித் தாளத்தில் ஓடியது. கண்டெய்னரை இறக்கும் கிரேனின் நடை அது. மூன்றாவது மிக மெதுவானது. அதில் சுரங்களைவிட இடைவெளிதான் அதிகம். நான்காவதை ஒன்பது முறை கிழித்துப் போட்டு எழுதினாள். 2020 பிப்ரவரியில் முடித்தாள். மார்ச் 21, சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அரங்கில் வெளியீடு என்று முடிவானது. மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நாடே கதவைச் சாத்திக்கொண்டது. அழைப்பிதழ் கட்டு பிரிக்காமலே அலமாரிமேல் கிடந்தது.

"ஒரு வாரம்," என்றாள் புனிதா தொலைபேசியில். "ஒரே ஒரு வாரம் முந்தி வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும் ஹைதர்."

"கடையில எழுவது கிலோ கோழி கெடக்கு, புனிதா," என்றான் அவன். "நீ ஆத்தப் பத்திப் பேசுற."

அடுத்த வருடம் டிசம்பரில் ஆறே அவளைத் தேடி வந்தது. கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் நடுவில் தாழ்வான ஒரு தாமான் குடியிருப்பில் அவர்கள் வீடு. வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை விடவே இல்லை. சனிக்கிழமை மாலை சாக்கடை வழியாகத் தண்ணீர் மேலே ஏறியது. அம்மா, அம்மாவின் மருந்து, சாமி படங்கள், பத்திரங்கள், பிளாஸ்டிக் பெட்டியில் இருந்த இசைத்தாள்கள் என்று ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினாள். பியானோவை ஏற்ற முடியாது. அதன் கால்களுக்குக் கீழே செங்கல் வைக்கலாமா என்று பார்த்தாள். அதற்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி மிதந்தது, செருப்புகள் மிதந்தன, அரிசி டப்பா மிதந்தது. பியானோ மிதக்காது, உள்ளே இரும்புச் சட்டம். அது நின்ற இடத்திலேயே நின்றது. மேல்மூடி மட்டும் ஒரு விரற்கடை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. எங்கோ ஒரு பசை விட்டு மரம் பிளக்கும் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது.

"அது என்னா சத்தம்?" என்றார் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா."

திங்கட்கிழமை படகில் வந்தவர்கள் அவர்களை ஏற்றிப்போனார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது பியானோக் கட்டைகள் சேற்றில் ஊறி வீங்கியிருந்தன. ஒன்றை அழுத்தினாள். அது கீழே போனது, மேலே வரவில்லை. பக்கத்து வீட்டு சோபாக்களோடும் மெத்தைகளோடும் அதையும் குப்பை லோரியில் ஏற்றிவிட்டார்கள். இந்த முறை கதவு நிலையைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே பெயர்ந்துவிட்டிருந்தது. ஆற்றைப் பற்றி எழுதினால் ஆறு வீட்டுக்குள் வரும் என்று லியோங் மலாயில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். புனிதா சிரிக்கவில்லை. பல வாரம் அவள் எதற்குமே சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மாடி அறையில் ஒரு மின்பியானோ, காதில் ஹெட்ஃபோன். வெளியே கேட்பவர்களுக்குக் கட்டைகள் தட்டும் டொக் டொக் மட்டும்தான் கேட்கும். அம்மா அதைத் தையல் மெஷின் என்று வர்ணித்தார்.

2024 ஜூலையில் ஒரு குரல்பதிவு வந்தது. பேசியவள் மலர்விழி, செந்தூலில் மலேசிய தினத்தை ஒட்டி நடக்கப்போகும் ஒரு கலைவிழாவின் ஒருங்கிணைப்பாளர். 'ஆறு' பற்றி யாரோ சொன்னார்களாம். நாற்பது நிமிடம் தருவார்களாம். மேடையில் ஏழு அடி நீள கிராண்ட் பியானோ இருக்குமாம். அந்தக் கடைசி வாக்கியத்தைப் புனிதா மூன்று முறை கேட்டாள். பிறகுதான் மலர்விழிக்கு அழைத்தாள்.

"ஜாஸ்னா எங்களுக்கு ஓகேதான்க்கா," என்றாள் மலர்விழி. "ஆனா கமிட்டியில கொஞ்சம் இந்தியன் டச் கேக்கறாங்க லா. ஒரு தப்லா மாதிரி ஏதாச்சும். நீங்களும் புடவையில வந்தா நல்லாருக்கும்."

"நானே இந்தியன்தானேம்மா. இன்னும் என்னா டச்?"

"எனக்குப் புரியுதுக்கா. அவங்களுக்குப் புரியணுமே."

புனிதா முடியாது என்று சொல்லிவிட்டு வைத்தாள். மூன்று நாள் ஏழு அடிப் பியானோ கண்ணுக்குள்ளேயே நின்றது. நான்காம் நாள் சரி என்றாள். சொன்ன உடனேயே தன்மேல் கோபம் வந்தது; அந்தக் கோபத்தை அம்மா வைத்த ரசத்தில் உப்பில்லை என்று காட்டினாள்.

தப்லாவுக்கு வந்தவர் பந்திங்கிலிருந்து பழனியப்பன். ஐம்பதைத் தாண்டியவர், செம்பனை ஆலையில் மேற்பார்வையாளர், சனி ஞாயிறுகளில் எந்த மேடை கூப்பிட்டாலும் போகிறவர். ஹைதரின் கடை மாடியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து முதல் மூன்று பகுதிகளைக் கண்மூடிக் கேட்டார். புனிதா அவர் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தாள். அவர் ஆட்டவில்லை.

"ரெண்டாவது ஏழு," என்றார். "அதுல எனக்கு வேல இருக்கு. மூணாவதுல நான் கைய வெச்சா கெட்டுப்போயிடும். சும்மா உக்காந்திருக்கவா?"

"உங்கள மேடையில பாக்கணும்னுதான் அவங்க கேட்டாங்கண்ணே," என்றாள் புனிதா.

"தெரியும்மா. இருவது வருஷமா அப்படித்தான் கூப்புடறாங்க. சீன டிரம்முக்குப் பக்கத்துல ஒருக்கா, மலாய் கொம்பாங் மேளத்துக்குப் பக்கத்துல ஒருக்கா. முன்னால லைட்டு போடுவாங்க. என்னா வாசிச்சேன்னு எவனும் கேட்டதில்ல." அவர் தப்லாவின் விளிம்பைச் சுத்தியால் மெல்லத் தட்டினார். "நீ எழுதிக் குடு. எழுதினத வாசிக்கிறேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒப்புக்கு ஒருவரை உட்காரவைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தவள், ஆறு வாரம் உட்கார்ந்து அவருக்காக இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது பகுதிகளைத் திரும்ப எழுதினாள். ஐந்தாவதில் தப்லாவும் பாஸும் மட்டும் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று வந்தது. பல வருடங்களில் அவள் எழுதியதிலேயே உயிருள்ள இடம் அதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. ஒத்திகையில் அது முதல்முறை சரியாக விழுந்த காலையில் கீழே கடையில் ரொட்டி போடுபவர்கூட மேலே எட்டிப் பார்த்தார். கட்டாயத்துக்குச் சேர்த்தது நன்றாக வந்துவிட்டதே என்று அவளுக்கு எரிச்சலும் வந்தது.

விழா நாள். நாலு மணிக்கு மேடை ஏற வேண்டும். புனிதா புடவை கட்டவில்லை, கறுப்புச் சட்டை. ஏழு அடிப் பியானோ உண்மையிலேயே இருந்தது. மதியம் ஒலிச் சோதனையில் அதன் கீழ்க்கட்டைகளை அழுத்தியபோது அந்த அதிர்வு காலணி வழியாக ஏறியது. அம்மா முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்.

விழாவைத் திறந்துவைக்க வேண்டிய பிரமுகர் நாலு மணிக்கு வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. ஐந்தேகாலுக்கு வந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள்; பிறகு அவர் பேசினார். ஆறு மணிக்கு மலர்விழி ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பன்னண்டு நிமிஷம்தான் இருக்கு. தப்லா வர்றதே, அந்த ரெண்டாவது பாட்ட மட்டும் வாசிச்சிடுங்க."

"அது பாட்டு இல்ல. ஆறுல ஒண்ணு."

"ப்ளீஸ்க்கா. என் வேல போயிடும்."

இந்தப் பெண்ணோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? ஐந்தாவதை வாசிக்கலாமா என்று ஹைதர் கேட்டான். அது பதினான்கு நிமிடம். புனிதா மேடை ஏறினாள்.

இரண்டாவது பகுதி நன்றாக வந்தது. ஏழு அடியும் ஒரு பிசகில்லாமல் ஓடியது. பழனியப்பன் தன் இடத்தில் அடித்த அடிக்குப் பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். எட்டு நிமிடம். கைதட்டல் வருவதற்குள் புனிதாவின் கை தானாகவே மூன்றாவதன் முதல் சுரத்தில் போய் விழுந்தது. முன்கூட்டி யோசித்துச் செய்ததல்ல. லியோங் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, பாஸை இழைக்கும் வில்லை எடுத்தார். ஹைதர் தயங்கி, குச்சிகளை வைத்துவிட்டு டிரம்ஸை மெல்ல உரசும் பிரஷ்ஷை எடுத்தான். பழனியப்பன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்றரை நிமிடம் அந்தக் கூட்டம் அமைதியாக இருந்தது. அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "புனிதா குழுவினருக்குப் பலத்த கைதட்டல் குடுங்க! அடுத்து நீங்க காத்துக்கிட்டிருந்த அதிர்ஷ்டக் குலுக்கல்!" பியானோவின் மைக் அணைந்தது. அவள் நிறுத்தவில்லை. மெதுவான சுரங்களுக்கு நடுவில் அவள் விட்டுவைத்த ஒவ்வொரு இடைவெளியிலும் ஓர் எண் வந்து விழுந்தது. "ஏழு... எட்டு... மூணு... ரெண்டு! ரைஸ் குக்கர்! யாரு?" கூட்டம் சீட்டுகளைத் தேடியது. பிள்ளைகள் ஓடினார்கள். அடுத்த சுரம். "நாலு... பூஜ்யம்..."

இருபத்தெட்டாவது தாள அளவில் புனிதா நிறுத்தினாள். கட்டை மூடியைச் சாத்தினாள். அவள் மெதுவாகத்தான் சாத்தினாள். ஆனால் அந்தப் பியானோவில் அதுவும் பெரிய சத்தமாகக் கேட்டது.

மேடைக்குப் பின்னால் ஹைதர்தான் முதலில் வெடித்தான். "ரெண்டோட நிறுத்தியிருந்தா நல்ல பேரோட எறங்கியிருப்போம். கை தட்டியிருப்பானுங்க. உனக்கு அது பத்தாது!"

"பன்னண்டு நிமிஷம் குடுத்தாங்க. நாலு நிமிஷம் பாக்கி இருந்துச்சு!"

"யாருக்கு வேணும் அந்த நாலு நிமிஷம்? எட்டு வருஷமா இந்த ஆத்தத் தூக்கிக்கிட்டு அலையறோம். எனக்குக் கடை இருக்கு, புள்ளைங்க இருக்கு. உனக்கு இது ஒண்ணுதான்!"

சொன்னதும் அவனுக்கே உறைத்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. டிரம்ஸைப் பைகளில் அடைத்துக்கொண்டு போய்விட்டான். புனிதா அம்மாவோடு காரில் திரும்பினாள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் நின்றபோது, "நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "எப்ப முடிஞ்சிச்சுன்னுதான் தெரியல."

அடுத்த வாரம் மலர்விழி செய்தி அனுப்பினாள். கமிட்டிக்கு வருத்தமாம், அடுத்த வருடம் வேறு ஆளைப் பார்க்கிறார்களாம், ஆனால் இரண்டாவது பாட்டு தனக்கு மிகவும் பிடித்ததாம். அதே மாதம் ஹோட்டலிலும் ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்தினார்கள். தானாகவே வாசிக்கும் பியானோ ஒன்று வந்துவிட்டது. மேலாளர் நல்ல மனிதர். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புனிதா ஐந்து வாரம் எதையும் வாசிக்கவில்லை. பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாள், அவர்கள் கிரேடு இரண்டைத் தட்டித் தடவி வாசிப்பதைக் கேட்டாள், சம்பந்தமில்லாமல் அதட்டினாள்.

ஒரு நாள் காலை பழனியப்பன் அழைத்தார்.

"ஏம்மா, எனக்குன்னு அஞ்சாவதுல எழுதினியே, அத எப்ப வாசிக்கப் போறோம்?"

"விழாதான் முடிஞ்சிடுச்சேண்ணே."

"விழாவுக்கா எழுதின? என் வாழ்நாள்ல ஒருத்தர் எனக்குன்னு எழுதினது அது ஒண்ணுதான். மில்லுல லீவு போடறேன். ஏதாச்சும் ஒரு எடம் பாரு."

இடத்தைப் பார்த்தது ஹைதர். பழனியப்பன் அவனுக்கும் அழைத்திருக்கிறார் போலும். பிரிக்பீல்ட்ஸில் ஓர் இசைப்பள்ளியின் சின்ன அரங்கம் செவ்வாய்க்கிழமை காலை சும்மாதான் கிடக்கும் என்று ஒரு வரிச் செய்தி அனுப்பினான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வரும்போது இரண்டு மைக்கும், எல்லாருக்கும் தோசைப் பொட்டலமும் கொண்டுவந்தான். புனிதாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லியோங் லிஃப்ட் கம்பெனிச் சட்டையோடே வந்திருந்தார்.

ஆறு பகுதிகளையும் முதல்முறையாகத் தொடர்ந்து வாசித்தார்கள். நாற்பத்து மூன்று நிமிடம். கேட்டவர்கள் நான்கு பேர்: இராஜம்மா, பள்ளியின் வரவேற்பாளர், துப்புரவுக்கு வந்த ஓர் அம்மா, பாட்டு வகுப்புக்குச் சீக்கிரம் வந்துவிட்ட ஒரு சீன மாணவி. மூன்றாவதன் நடுவில் மோனோரெயில் போகும் அதிர்வு பதிவில் ஏறியது. ஐந்தாவதில் தப்லாவும் பாஸும் பேசத் தொடங்கியபோது புனிதா கைகளை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். பழனியப்பன் முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பதிவை இணையத்தில் ஏற்றினாள். தமிழ் வானொலி ஒன்று பாடல்வரி இல்லாததால் போட முடியாது என்றது. ஜாஸ் பற்றி எழுதும் ஒருவர், இன்னும் கொஞ்சம் இந்திய மணம் இருந்திருக்கலாம் என்று எழுதினார். பினாங்கிலிருந்து யாரோ முகம் தெரியாத ஒருவர் மூன்றாம் பகுதியை மட்டும் தினமும் கேட்பதாகச் செய்தி அனுப்பினார்.

புனிதாவுக்கோ நான்காவது பகுதி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மதியம் அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்க, கைப்பேசியில் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

"அதான் பதிவாயிடுச்சே. இன்னும் என்னா?" என்றார் அம்மா.

"எடது கை ரொம்பப் பேசுது. பாஸ் போக எடமே இல்ல. மறுபடி எடுக்கணும்."

ஹைதருக்குச் செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது: பள்ளியில் பரீட்சைக் காலம், மாதக் கடைசி வரை அரங்கம் கிடைக்காது, லியோங்கையும் ஈப்போவுக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். புனிதா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்துப் போட்டாள். அம்மாவின் முன்னால் சொல்லக்கூடாத மலாய் வார்த்தை ஒன்றைச் சொன்னாள். பிறகு பென்சிலைத் தேடி எடுத்து, நான்காவதன் பதினேழாம் தாள அளவில் இடது கைக்கு எழுதியிருந்ததை அழிக்கத் தொடங்கினாள்.